அரியர் இல்லா நாட்கள்

பரீட்சையில் பெயிலாவதை லாரி கவிழ்வதற்குச் சமமான விபத்து என்று அறிவித்து, அதற்கு ஒரு விசாரணைக் கமிஷனும் வைத்த ஆள் இந்த உலகத்தில் எங்கள் சேஃப்டி ஒருத்திதான். சர்க்கார் வைக்கிற கமிஷன்கள் அறிக்கை கொடுக்க வருஷக்கணக்கில் இழுக்கும். சேஃப்டி காலை டிபனுக்குள் கொடுத்துவிடுவாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. ஹால் டிக்கெட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு மாடி வீட்டை எடுத்துத் தங்கியிருந்தோம். வார்டன் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. சமைப்பது, பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் முறை வைத்து நாங்களே பார்த்துக்கொண்டோம். சேஃப்டி சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். நான் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஷமீமா தமிழ் இலக்கியம். மீதி நாலு பேரில் இரண்டு பேர் நர்சிங், ஒருத்தி பி.காம்., ஒருத்தி விலங்கியல்.

சேஃப்டியின் சொந்த ஊர் அரியலூர். அவள் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறவர். சிமென்ட் ஆலை கேட்டில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு போர்டு தொங்கும், அதில் தினமும் ஒரு எண் ஏறும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அவள் முதலில் பார்ப்பது அந்தப் போர்டைத்தானாம்.

"நம்பர் பெருசா இருந்தா அப்பா சிரிச்சுக்கிட்டே வருவாருடி. சைபர் போட்டிருந்தா, அவரு வெளியில வந்து நிக்கிற வரைக்கும் எனக்குச் சோத்துக் கூடை கையில நிக்காது" என்று ஒரு தரம் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே, "கேஸ் குழாய மூடினீங்களா?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் ஜூலையில் காலேஜ் திறந்ததும், சாமி காலண்டர் மாட்டுகிற ஆணியில் ஒரு கரும்பலகையை மாட்டினாள். மேலே பெயின்டில் 'அரியர் இல்லா நாட்கள்'. கீழே சாக்பீஸில் 1. மறுநாள் 2. பல் தேய்த்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக எண்ணை மாற்றுவாள். யாராவது ஒருத்தி ஒரு பேப்பரில் பெயிலானாலும் வீட்டுக்கே சைபர்.

"நர்சிங்காரி பெயிலானா எனக்கு ஏன்க்கா சைபர்?" என்று ஷமீமா நியாயம் கேட்டாள்.

"லாரி கவுந்தா டிரைவருக்கு மட்டுமா சைபர் போடுறாங்க? ஆலைக்கே போடுறாங்கல்ல?"

சேஃப்டியிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் கிடையாது.

அவள் வைத்த சட்டங்களை முழுதாக எழுதினால் இந்த இதழ் போதாது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஏழு பேரும் டீ டம்ளரோடு ஹாலில் வரிசையாக நிற்க வேண்டும். யாருக்கு இன்டர்னல், யாருக்கு ரெக்கார்டு பாக்கி என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். மிளகாய் வறுக்க வேண்டுமென்றால் பர்மிட் வாங்க வேண்டும். துண்டுச் சீட்டில் நேரமும் காரணமும் எழுதி, படித்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அடுப்பில் சட்டி. கமறல் வந்து ஒருத்தி பாடத்தை விட்டு எழுந்தால் அதுவும் விபத்தில் சேர்த்தியாம். குக்கர் மூடியைத் திறக்கும்போது அவள் அப்பாவின் பழைய மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள். ஒருநாள் பால்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சுவரு கிவரு இடிக்கிறீங்களா?" என்று பதறினார். "சாம்பார் சாதம்ங்க" என்றாள் சேஃப்டி.

இது போதாதென்று, பரீட்சை நாளில் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு ஒத்திகை. விடியற்காலை விசில் அடிப்பாள். ஐந்து நிமிஷத்தில் ஹால் டிக்கெட், ஐடி கார்டு, இரண்டு பேனாவோடு கீழே முருங்கைமரத்தடியில் சாக்பீஸ் வட்டத்துக்குள் நிற்க வேண்டும். முதல் ஒத்திகையில் நர்சிங்காரி ஒருத்தி தலையணையோடு வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா விஷயம் புரியாமல் ரேஷன் கார்டும் கையுமாக ஓடி வந்து எங்களுக்கு முன்னால் வட்டத்துக்குள் நின்றார். அன்றைக்கு முதல் மார்க் அந்த அக்காவுக்குத்தான்.

இது தவிர ஒரு பிஸ்கட் டப்பா. 'தப்பிச்சேன் டப்பா' என்று பேர். விபத்து நடக்காமல் மயிரிழையில் தப்பித்தவர்கள் பேர் போடாமல் ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். திங்கட்கிழமை அவள் உரக்கப் படிப்பாள். 'கிளாஸில் தூங்கினேன். சார் பக்கத்துப் பெண்ணை எழுப்பினார்.' 'பாஸ் மார்க் இருபத்தஞ்சு. நான் இருபத்தாறு.' விழுந்து விழுந்து சிரிப்போம். பேர் இல்லாவிட்டாலும் கையெழுத்து ஏழு பேருக்கும் அத்துப்படி.

இப்படி எண் ஏறிக்கொண்டே போய் நூற்றித் தொண்ணூற்றெட்டைத் தொட்ட அன்றைக்கு எனக்கு மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. கணக்கில் பெயில்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. போர்டுக்குப் பயந்து மட்டும் இல்லை. என் ஊர் செந்துறைக்கு அந்தப் பக்கம், உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கிருந்து பெரம்பலூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதில் முதல் பஸ் மனசு வந்தால்தான் வரும். என்னை இந்த வீட்டில் விட்டபோதே அப்பா சொல்லியிருந்தார். "ஒரு அரியர் வுழுந்துச்சுன்னு தெரிஞ்சாலும் பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடணும். வூட்டுலேருந்தே போயிட்டு வா." அப்பா சொன்னால் சொன்னதுதான். எனக்கோ இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை. பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சிரித்ததில்லை.

"எல்லாம் பாஸ்க்கா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் போர்டில் 199. அதற்கு மறுநாள் 200, சேமியா பாயசம். முந்திரியை வறுக்க சேஃப்டி தனக்குத்தானே பர்மிட் எழுதிக்கொண்டாள். எனக்கு முதல் டம்ளர் கொடுத்தாள். யாரும் பார்க்காதபோது அதை ஷமீமா டம்ளரில் ஊற்றிவிட்டேன். அன்று சாயங்காலம் ஒரு சீட்டை இடது கையால் எழுதி டப்பாவில் போட்டேன்.

திங்கட்கிழமை சேஃப்டி அதைப் பிரித்தாள். "'கணக்குப் பேப்பரில் பெயில். மன்னிக்கவும்.'" படித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "இது தப்பிச்ச கேஸு இல்லடி. மாட்டுன கேஸு."

பிறகு துணியை எடுத்து 204-ஐ அழித்து, பெரிதாக ஒரு சைபர் போட்டாள். "யாருன்னு யாரும் கேக்கக் கூடாது. ஆளைத் தேடக் கூடாது. எங்க ஓட்டைன்னு மட்டும்தான் தேடணும்."

அந்த வீட்டில் அந்த செமஸ்டரில் கணக்குப் பேப்பர் எழுதியது நான் ஒருத்திதான். இருந்தாலும் ஆறு பேரும் என்னைத் தவிர மின்விசிறி, ஜன்னல், டம்ளர் என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஷமீமா ஒரு படி மேலே போய், "ஒருவேளை நானா இருக்குமோ?" என்று கேட்டாள்.

கமிஷன் உட்கார்ந்தது. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு சேஃப்டி எழுதினாள். ஏன் பெயில்? ஃபூரியர் பாடம் தெரியாது. ஏன் தெரியாது? செவ்வாய்க்கிழமை முதல் வகுப்புக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை? செவ்வாய் காலைச் சமையல் முறை. இங்கே அவள் நிறுத்தி, "இது வூட்டோட தப்பு" என்று எங்கள் எல்லோர் சார்பிலும் கோடு போட்டாள். சாயங்காலம் ஏன் படிக்கவில்லை? ஏழு மணிக்கு அந்தப் பெண்ணின் அப்பா போன் செய்கிறார். ஏன் தினமும்? எல்லோரும் யோசித்தோம்.

"பாசம்தான்" என்றாள் நர்சிங்காரி.

"பாசத்துக்கு என்ன நடவடிக்க எடுக்குறது?" என்றாள் ஷமீமா. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டோம்.

மறுநாளிலிருந்து என் செவ்வாய்ச் சமையல் பி.காம். தலையில். தினமும் காலை ஐந்தரைக்கு வீடு முழுக்க ஃபூரியர் படிக்க வேண்டும் என்று உத்தரவு. பெயிலானது வீடுதானே! சேஃப்டி பாடம் நடத்த, விலங்கியலும் நர்சிங்கும் கொட்டாவியோடு குறிப்பெடுத்தார்கள். பத்தே நாளில் ஷமீமாவுக்குப் புரிந்துவிட்டது. "அடியே, சைனும் கோசைனும் ஆளுக்கு ஒரு வேகத்துல கும்மி தட்டுதுங்க. எல்லாத்தையும் சேத்துக் கேட்டா ஒரு பாட்டு. அவ்ளோதானே?" தமிழ் இலக்கியக்காரி சொல்லித்தான் எனக்கு அது விளங்கியது. எங்கள் கணக்கு சாரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல் அப்பா வந்தார். கையில் ஒரு பை முந்திரிக்கொட்டை. "சுட்டுத் தின்னுங்க பாப்பா" என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தவர் போர்டைப் பார்த்தார். 27.

"பொங்கலுக்கு முந்தி வந்தப்ப நூத்திஎம்பதுக்கு மேல இருந்துச்சே. எப்புடிக் கொறஞ்சுது?"

சேஃப்டி பொய் சொல்ல மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். இன்றோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெபத்து நடந்துருச்சுங்கப்பா" என்றாள் சேஃப்டி.

"யாருக்கு?"

"பேரு சொல்றது இங்க வழக்கமில்லீங்க. விசாரண அறிக்க இருக்கு, படிக்கிறீங்களா?" என்று காலண்டர் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரம் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே சேஃப்டி எழுதியிருந்தது இதுதான்: 'தந்தையார் தினமும் இரவு ஏழு மணிக்கு போன் செய்து, மாடு தண்ணீர் குடித்தது முதல் பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை வெட்டியது வரை ஐம்பது நிமிடம் பேசுகிறார். இவரிடம் யார் சொல்வது என்று முடிவாகவில்லை.'

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு கேட்டார். "அந்த அப்பங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க. பொண்ண அழச்சிக்கிட்டுப் போயிடுவாருன்னு."

"அவன் ஏன் தெனம் கூப்புடுறான்னு எழுதினீங்களா?"

"அடுத்த வரியில இருக்குங்கப்பா."

அடுத்த வரியில் 'பாசம்' என்று மட்டும் இருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு சேஃப்டியிடம் பேனாவை வாங்கி, நாங்கள் காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதினார்: 'இனிமேல் எட்டரைக்கு மேல். பத்து நிமிஷம்.' கீழே கையெழுத்தும் போட்டார்.

எழுந்து செருப்பை மாட்டும்போது பொதுவாகச் சொன்னார். "அடுத்த பரீச்சையில அந்தப் பொண்ணு பாஸாவலன்னா, அந்த அப்பன் கண்டிப்பா வந்து அழச்சிக்கிட்டுப் போவான். சொல்லிடுங்க."

"சொல்லிடுறேங்க" என்றாள் சேஃப்டி. அவர் தெருமுனை தாண்டுவதற்குள் முந்திரிக்கொட்டை சுடுவதற்கு ஹெல்மெட்டைத் தேடிப் போய்விட்டாள்.

பரீட்சை எழுதினேன். சுமாராக எழுதினேனா நன்றாக எழுதினேனா என்று எனக்கே தெரியவில்லை. சேஃப்டிக்கும் அது கடைசி செமஸ்டர். எல்லாவற்றிலும் தேறினால்தான் சென்னையில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை நிச்சயம். லீவில் அவள் அரியலூருக்குப் போனாள், நான் ஊருக்கு வந்தேன். பெட்டியில் பாதியை அந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன், அப்படியாவது திரும்பிப் போகமாட்டோமா என்று.

ரிசல்ட் வந்த அன்று எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்காமல் கிணற்றுமேட்டில் ஏறி நின்றேன். பக்கம் திறக்கவே இல்லை, சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா வயல் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். அப்போது போன் அடித்தது.

"பாஸ்டி! மேத்ஸ் பாஸ்! மத்ததும் பாஸ்! மூணு தடவ பாத்துட்டேன், உன் நம்பர்தான், உன் பேருதான்!" காலை ஒன்பதரையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் விடாமல் என் பதிவெண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். போனுக்கு வெளியே கேட்கிற அளவுக்குக் கத்தினாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "காலேஜு தொறக்குற அன்னிக்கு நானே கொண்டாந்து வுடுறேன்" என்று கிணற்றைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கொஞ்சம் அடங்கிய பிறகுதான் கேட்டேன். "உனக்கு என்னாச்சுக்கா?"

அவள் கத்தல் சட்டென்று நின்றது.

"அக்கா?"

"எனக்கா... இருடி, இன்னும் பாக்கல. மறந்தே போச்சு."

அவளும் பாஸ்தான். இப்போது சென்னையில் இருக்கிறாள். நான் என்ன மார்க் என்று கேட்டவர்கள் என் வாழ்க்கையில் ஏராளம். என் மார்க்கைத் தேடுகிற அவசரத்தில் தன் மார்க்கை மறந்தவள் அவள் ஒருத்திதான். அவள்மேல் எனக்கு உயிர். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அதை நேரில் சொன்னதில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.