மழை கணக்கில் வராது

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஒரு மழையில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளி வேலாயியின் குசினிக்குள் மண் வந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. அடுப்பிலிருந்த மீன் குழம்பு மட்டும் அடக்கமானது. சரிவில் மரம் நட்டால் மண் நிற்கும் என்று மேலிடம் ஆழ்ந்து சிந்தித்து, மலைச்சரிவுப் பசுமை மேம்பாட்டு அலுவலகம் என்ற ஒன்றைத் தானா ராத்தா நகரில் திறந்து வைத்தது. தோட்டத்திலேயே நாற்றங்கால் போட்டார்கள். கறுப்புப் பாலித்தீன் பைகளில் மரக்கன்றுகள் வரிசையாக நின்றன.

அலுவலகத்தில் இரண்டு பிரிவுகள். தண்ணீர்ப் பிரிவுக்குக் குகனேஸ்வரன் அதிகாரி, உரப் பிரிவுக்குப் புவான் அமாலினா என்ற அம்மையார். இருவருக்கும் ஒரே அறை. ஆனால் ஒரு பிரிவின் வேலையைப் பற்றி இன்னொரு பிரிவு வாய் திறப்பது மரபல்ல.

தண்ணீர் ஊற்றும் வேலை வேலாயிக்குக் கிடைத்தது. முதல் நாளே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

“சார், மழ பேயுது. நானும் ஊத்தணுமா?”

“மழை யாரு உத்தரவுல பெய்யுது?” என்று குகனேஸ்வரன் கேட்டார்.

“தெரியல சார்.”

“அப்ப அது நம்ம கணக்குல வராதும்மா. ஊத்துங்க.”

ஒரு கையில் குடையும் மறு கையில் பூவாளியுமாக வேலாயி ஊற்றினாள்.

பைகளில் நீர் தேங்கி இலைகள் மஞ்சளித்தன. அமாலினா வந்து பார்த்தார். தண்ணீர் சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போகிறது என்று உரத்தை இரட்டிப்பாக்கினார். இலை நுனிகள் கருகின. உரத்தின் உப்பைக் கழுவியாக வேண்டும் என்று குகனேஸ்வரன் தண்ணீரை இரட்டிப்பாக்கினார். தண்ணீர் கூடிவிட்டதே என்று உரம் மீண்டும் கூடியது. வருட முடிவில் இரு பிரிவுகளும் தத்தம் இலக்கைத் தாண்டிச் சாதனை படைத்தன. கன்று உயிரோடு இருக்க வேண்டும் என்பது எந்தப் பிரிவின் இலக்கிலும் இல்லை.

கங்காணி நாகப்பனுக்கு வேறு கவலை. ஸ்ட்ராபெரி வாங்க மலையேறி வந்தவர்கள் நாற்றங்காலுக்குள் புகுந்து, பைகளை மிதித்துக்கொண்டு செல்பி எடுத்தார்கள். அவர் கல்யாண முருங்கைக் கிளைகளை வெட்டிச் சுற்றிலும் நட்டு வேலி கட்டினார். வேலி எந்தப் பிரிவிலும் சேராததால் அதை யாரும் கவனிக்கவில்லை. ஆகவே அது தளதளவென்று துளிர்த்தது.

திட்டத்தைப் பார்வையிட, டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் மேலிடத்திலிருந்து வந்தார். பைகளில் அப்போது நின்றவை வெறும் குச்சிகள். அதிகாரிகள் இருவரும் அவற்றை மறைத்தபடி நின்றார்கள். டத்தோவோ காரைவிட்டு இறங்கியதும் வேலியைத்தான் பார்த்தார். இலையைத் தடவி, இவ்வளவு செழிப்பாக வளர்க்க என்ன செய்தீர்கள் என்று வியந்து கேட்டார்.

குகனேஸ்வரனும் அமாலினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீரும் உரமும்தான் என்று முதன்முறையாக ஒரே குரலில் சொன்னார்கள்.

டத்தோ மனம் நெகிழ்ந்தார். வேலியை உடனே திட்டத்தில் சேர்க்க உத்தரவானது. பட்டுப்போன கன்றுகளுக்குப் பணி ஓய்வு அளிக்கப்பட்டது. மறுநாளே வேலிக்கு நீரும் உரமும் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமையும் ஊற்ற வேண்டும் என்பதால் வேலாயிக்கு ஓவர்டைமும் வந்தது.

நாகப்பனுக்கு மனசு கேட்கவில்லை. வேலாயியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சும்மா விட்டாத்தான் வளருதுன்னு ஆபீஸ்ல சொல்லிடலாம் லா.”

வேலாயி தன் குசினிக்குப் பின்னால் மொட்டையாக நின்ற சரிவை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லலாம் அண்ணே. சும்மா விட்டா ஓவர்டைம் யாரு குடுப்பா?”

நாகப்பனுக்குக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. கத்தியை எடுத்துக்கொண்டு, அந்த வேலியும் பட்டுப்போவதற்குள் அதற்கு இன்னொரு வேலி போட, சீக்கிரம் துளிர்க்கிற கிளையாகத் தேடி வெட்டப் போனார்.