உலகம் சுற்றிய நிமிஷக்காரர்

செய்தி வந்தது காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு. ஒன்பதே முக்கால் என்று நீங்களும் நானும் சொல்லிவிட்டுப் போவோம். நிமிஷக்காரர் முன்னால் அப்படிச் சொல்ல முடியாது. எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் உட்கார்ந்து அட்டவணை போட்டவர் அவர். வண்டிகள் அதன்படி வந்தனவா என்பது வேறு விஷயம். அட்டவணையில் பிழை இருந்ததில்லை.

"உங்க ஆபீஸ் எதிர்மேஜை போயிட்டாராம்" என்றார் மனைவி, போனைக் கையில் வைத்துக்கொண்டே. "பல்லு தேய்ச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாராம்."

நிமிஷக்காரர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். இரண்டும் ஒத்துப் போயின. பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தார்.

ஓர் இனம் பிறந்த நேரத்தை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அறுபதுக்கு மேல் உலகம் சுற்றுகிறவர் என்று இந்த இனத்துக்குப் பெயர். இவர்களை நீங்கள் விமான நிலையத்தில், கிளம்ப நாலரை மணி நேரம் இருக்கும்போதே வாசல் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஒரு தலையணை, இடுப்பில் ஒரு பை, காலில் வாழ்நாளில் முதல்முறையாக வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. இவர்கள் எல்லாரும் ஏதோ பிறவியிலேயே கலைதாகம் பிடித்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சிலர் சர்க்கரை ரிப்போர்ட் வந்த அன்று பிறந்தவர்கள். சிலர், பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன மறுநாள் காலியான அறையைப் பெருக்கும்போது பிறந்தவர்கள். ஆனால் பெரும்பாலோர், தங்களோடு வேலை பார்த்தவர் ஒருவர் போய்விட்டார் என்று போன் வந்த அந்த நிமிஷத்தில்தான் கண்விழிக்கிறார்கள். அழுவதற்குப் பதிலாக அடுத்த விமானம் எப்போது என்று கேட்கிறார்கள். உலகம் அதற்குள் ஓடிப்போய்விடுமா? போகாது. போய்க்கொண்டிருப்பது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

எதிர்மேஜை என்பது நிமிஷக்காரருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவர். இருவர் மேஜைக்கும் நடுவில் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கியது. வருஷம் போய்விட்டது, தேதிகள் போய்விட்டன, மேலே இருந்த படத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. ஏதோ வெளிநாட்டு நகரத்தில் ஒரு கோபுரக் கடிகாரம். மதியம் பன்னிரண்டு அடித்தால் அதிலிருந்து மர பொம்மைகள் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகுமாம்.

"அந்தக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் ஸ்லோய்யா" என்று எதிர்மேஜை ஒருநாள் தொடங்கி வைத்தார்.

"படத்தப் பாத்து எப்படிய்யா சொல்ற?"

"பாத்தாலே தெரியுது. முகத்துலயே ஒரு சோம்பல்."

"போய்யா. அவங்க ஊரு கடிகாரம் உன்ன மாதிரியா இருக்கும்?"

இந்த வழக்கு இருபத்தாறு வருஷம் நடந்தது. தீர்ப்பை, ஓய்வுபெற்ற பிறகு நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் இருவரும் ஓய்வும் பெற்றார்கள். முதல் வருஷம் எதிர்மேஜைக்கு முழங்கால். இரண்டாம் வருஷம் நிமிஷக்காரர் வீட்டுக்கு வெள்ளையடிப்பு. பிறகு ஒருவர் மகளுக்குப் பிரசவம், இன்னொருவருக்குக் கண் ஆபரேஷன். கடிகாரம் எங்கே போகப்போகிறது என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. கடிகாரம் எங்கும் போகவில்லைதான்.

அன்று சாவுவீட்டுக்கு மனைவி தனியாகத்தான் போனார். அவர் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சாவைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை. நிமிஷக்காரர் போட்டோ ஸ்டூடியோவில் இருந்தார். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது.

"கடைசியா ஒருதடவ முகத்தப் பாக்கக்கூட வரல நீங்க" என்றார் மனைவி, திரும்பி வந்ததும்.

"ஸ்டூடியோக்காரன் ரெண்டு மணிக்கு மூடிடுவான்."

"சரி. துக்கம் கேக்கவாவது போயிட்டு வாங்க."

"போகாம இருப்பேனா? இந்த டூர முடிச்சுட்டு நேரா அங்கதான்."

எதிர்மேஜையின் மனைவியும் ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் நிமிஷக்காரருக்குக் கஷ்டமாக இருந்தது. "அண்ணா, நீங்க வெளிநாடு போறீங்கன்னு அண்ணி சொன்னாங்க. அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரே, அந்தக் கடிகாரம். அத ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுங்கண்ணா. சரியா ஓடுதா, ஸ்லோவான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

"கண்டிப்பா தங்கச்சி. வந்ததும் மொத வேலை அதுதான்."

அதன் பிறகு இரண்டரை வருஷத்தில் பதினோரு நாடு. இந்த இனம் கலையை எப்படி அனுபவிக்கிறது என்று கேட்கிறீர்களா? அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்துக்கொண்டு, பிறகு ஓவியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பை எழுத்து விடாமல் வாசித்து, அந்தக் குறிப்பைப் போட்டோ எடுத்து, குறிப்பில் சொன்னபடி ஓவியத்தில் மூன்று குதிரைகள் இருக்கின்றனவா என்று எண்ணிச் சரிபார்த்து, இருந்தால் திருப்தியுடன் தலையை ஆட்டி, ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்று தன்னைப் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். ஓவியத்தைப் பார்த்தாரா? பிறகு டிவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்துக்கொள்வார். இசை அரங்கில் விளக்கு அணைந்த நாலாவது நிமிஷத்தில் தூங்கி, கைதட்டல் தொடங்கும்போது எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்து நின்று தட்டுவார். பக்கத்தில் இருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இவ்வளவு ரசனையா என்று திரும்பிப் பார்ப்பார்.

நிமிஷக்காரர் இதில் ஒரு படி மேலே. ஒவ்வொரு பயணத்துக்கும் தனி அட்டவணை. 'அரண்மனை: 40 நி. தேவாலயம்: 25 நி. நதி: 10 நி.' நதிக்கரையில் மனைவி ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நதிக்குப் பத்து நிமிஷம்தான்" என்றார் இவர்.

"நதிக்கு அது தெரியாதுங்க. கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காந்து ஒண்ணும் இல்ல. உக்கார்றது."

நிமிஷக்காரர் உட்கார்ந்தார். மூன்று நிமிஷம் தாங்கினார். நான்காவது நிமிஷம், சும்மா இருக்கும் மனசுக்குள் யாரோ பல் தேய்த்துக்கொண்டே உட்காருவது மாதிரி ஏதோ வந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து, "பஸ் போயிடும்" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது.

கடைசிப் பயணத்தில்தான் அந்தக் கடிகாரம் வந்தது. பதினொன்று நாற்பதுக்கே சதுக்கத்தில் ஆஜர். கைக்கடிகாரத்தை அன்று காலையிலேயே ரேடியோவோடு வைத்துச் சரிபார்த்திருந்தார். தலையைத் தூக்கினார்.

கோபுரத்தை உச்சி முதல் பாதி வரை துணி போட்டு மூடியிருந்தார்கள். துணி மேல் கோபுரத்தின் படத்தையே அச்சடித்திருந்தார்கள். கல்லுக்குக் கல், பொம்மைக்குப் பொம்மை. அதே கடிகாரம், அதே முள். மணி பத்து பத்து.

"ரிப்பேர் சார்" என்றாள் டூரை அழைத்து வந்த பெண். "அடுத்த வருஷம்தான் தொறப்பாங்க. போட்டோவுல வித்தியாசமே தெரியாது, எடுத்துக்கங்க."

எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போனார்கள். நிமிஷக்காரர் மட்டும் நின்றார். எங்கோ வேறு கோபுரத்தில் பன்னிரண்டு அடித்தது. துணியில் பத்து பத்து.

"துணிங்க அது" என்றார் மனைவி மெதுவாக.

"தெரியுது."

"ஒரு போட்டோ எடுக்கவா? எதிர்மேஜை வீட்டுப் பிள்ள கேட்டுச்சே."

"இப்ப வேணாம். டைம் தப்பா காட்டுது."

மறுநாள் காலை பத்து மணிக்கு அடுத்த ஊருக்குப் பஸ். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. நிமிஷக்காரரைக் காணோம். மனைவியையும் காணோம். டூர்ப் பெண் போன் மேல் போன் போடுகிறாள். முன்சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி, "நேத்து நான் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்ததுக்கு என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டாரே அந்த மனுஷன்" என்று பொருமுகிறார். அந்த மனுஷன் அப்போது சதுக்கத்தில், கோபுரத்துக்கு நேர் எதிரே, கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். துணியில் பத்து பத்து. கையில் பத்து ஒன்பது, ஐம்பது விநாடி. பத்து வரை எண்ணினார்.

"இப்ப எடு."

மனைவி எடுத்தார். அச்சடித்த கடிகாரமும் அசல் கடிகாரமும் ஒரே படத்தில், ஒரே நேரத்தில். பஸ் பதினெட்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. தன் வாழ்நாளில் ஒரு வண்டியை அவர் தாமதப்படுத்தியது அன்று ஒருநாள்தான்.

ஊர் திரும்பிய பின் இந்த இனம் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களும் ஒருநாள் டிவியில் ஓடும் போட்டோக்கள் முன்னால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மருந்துக்கடைக்காரர் பிரஷர் மாத்திரை கொடுக்க வந்தவர், இரண்டு மணி நேரம் கழித்துத் தனக்கே பிரஷர் ஏறித் திரும்பிப் போனார். "அங்கெல்லாம்" என்றுதான் ஒவ்வொரு பேச்சும் தொடங்கும். அங்கெல்லாம் தெருவில் சத்தம் இல்லை. அங்கெல்லாம் கிழவர்கள் கைகோத்து நடக்கிறார்கள். அங்கெல்லாம் ஒரு நிமிஷம் தப்பாது. ஃப்ரிட்ஜ் கதவில் பதினோரு நாட்டுக் காந்த பொம்மைகள் ஒட்டியிருந்தன. கதவைத் திறந்தால் இரண்டு நாடு கீழே விழும். ஆனால் அந்தக் கோபுரக் கடிகாரப் படம் மட்டும் டிவியில் வரவில்லை. அதை அவர் தாண்டித் தாண்டி அழுத்திக்கொண்டு போனார்.

"அத அச்சுப் போட்டு வாங்கி வெச்சிருக்கேன்" என்றார் மனைவி ஒரு காலையில், உறையைக் கையில் கொடுத்து. "போய்க் குடுத்துட்டு வாங்க. பதினோரு நாடு போனீங்க. இது பதினாலு நிமிஷம்."

பதினான்கு நிமிஷம் என்பது அவரே போட்ட கணக்கு. எதிர்மேஜை வீட்டு வழியாகப் போகும் அந்த பஸ்ஸுக்கு அட்டவணை எழுதியதே அவர்தான்.

"போய் என்ன சொல்றது?" என்றார்.

"உண்மையச் சொல்லுங்க. துணின்னு சொல்லுங்க."

"துணின்னா, அவன் ஜெயிச்சானா, நான் ஜெயிச்சேனான்னு கடைசிவரைக்கும் தெரியாது."

"சரி, அப்ப சரியா ஓடுதுன்னு சொல்லிடுங்க. படத்துல அப்படித்தான இருக்கு."

"செத்தவன ஏமாத்தச் சொல்றியா?"

நர்ஸுகளுக்கு எப்போது பேசக்கூடாது என்று தெரியும். மனைவி குடையை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

நிமிஷக்காரர் பஸ் ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். உறை மடியில். ஒவ்வொரு நிறுத்தமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். எதிர்மேஜை வீட்டு நிறுத்தம் வந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். மாடி வராந்தாவில் ஒரு நாற்காலி கிடந்தது. அதன் மேல் யாரோ துவாலை காயப்போட்டிருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எதிர்மேஜை, "வாய்யா, ரெண்டு நிமிஷம் லேட்டு" என்று வருகிறவர்களை வரவேற்பார்.

பஸ் கிளம்பியது. நிமிஷக்காரர் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போனார். அங்கிருந்து அதே பஸ்ஸில் அதே சீட்டில் திரும்பி வந்தார். திரும்பும்போது அந்த வீடு கண்ணில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் மனைவி, கதவைத் திறந்துகொண்டே.

"பஸ்ஸு ஆறு நிமிஷம் லேட்டு."

மனைவி அவர் கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தார். எத்தனை நிமிஷம் என்று இருவருமே பார்க்கவில்லை.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். நான் அந்த ரகம் இல்லை, எனக்கு வெளிநாடும் வேண்டாம், வெள்ளை ஷூவும் வேண்டாம் என்கிறீர்கள். நல்லது. உலகம் சுற்ற விமானம்தான் வேண்டும் என்று இல்லை. சிலர் அதைத் தோட்டவேலையில் சுற்றுகிறார்கள், சிலர் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில், சிலர் கோப்புகளுக்குள். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து பதினான்கு நிமிஷத்தில் ஒரு வீடு இருக்கும். அங்கே போக வேண்டும் என்று போனில் சொல்லியிருப்பீர்கள். அதைச் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று? சரியாகச் சொல்ல முடிந்தால் நீங்கள் அந்த இனம்தான். சொல்ல முடியாவிட்டால் இன்னும் முற்றின ரகம்.

படம் நிமிஷக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் உறைக்குள் இருக்கிறது. பின்பக்கம் பேனாவால் 'கடிகாரம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறார். கோட்டுக்குப் பிறகு இன்னும் எதுவும் எழுதவில்லை.