முதல் கும்பிடு

அன்று கோங்கென் கோயிலில் இருந்தவர்கள்: எங்கள் குராமோச்சி குடும்பத்தின் மூத்தவர் ஷிகெசோ, அவர் மனைவி ஃபுசாயெ, பக்கத்து வீட்டு முராசே, துறவி கைஜுன், தேநீர் ஊற்றும் குமே, பின்வரிசையில் பன்னிரண்டு வீட்டார். வேறு யாராவது நேரில் பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அறுவடைத் திருவிழாவின் முதல் கும்பிடு எங்கள் குடும்பத்து உரிமை. நாங்கள் செய்வதைப் பார்த்துத்தான் ஊரே செய்யும். போன குளிர்காலத்தில் ஷிகெசோவின் அப்பா காலமானதும் அது அவருக்கு வந்தது. நாற்பது வருடம் ஒசாகாவில் இருந்துவிட்டு வந்தவருக்கு ஒரே ஒரு சந்தேகம். காமி என்னும் ஊர்த் தெய்வத்தின் முன்னால் இரண்டு முறை கை தட்ட வேண்டும். புத்தர் முன்னால் சத்தமே கூடாது. இங்கே இருவருக்கும் ஒரே சன்னிதி.

யாரையாவது கேட்கலாம். கேட்டால் முராசே சும்மா இருப்பாரா? அந்த உரிமை எப்போது கைமாறும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

அதனால் ஷிகெசோ மனைவி ஃபுசாயெயிடம் மட்டும் கேட்டார். வாசலில் காமிக்கு உரிய தோரி வளைவு நிற்கிறது, தட்டுங்கள் என்றாள். பத்தடி போனதும் புத்தருக்கு ஏற்றும் ஊதுபத்தியின் வாசனை வந்தது.

"என்னங்க, தட்டாதீங்க" என்றாள்.

அதற்குள் அவர் ஒரு தட்டு தட்டிவிட்டார். உள்ளே புத்தர் தெரிந்தார். இரண்டாவது தட்டு பாதியில் நின்றது. சமாளிக்க, கொசு பிடிப்பதுபோல் காற்றைப் பிடித்தார்.

"சன்னிதியில உயிர்க்கொலையா?" என்று மெல்லக் கேட்டார் கைஜுன்.

செத்தது எதுவுமில்லை என்று காட்ட ஷிகெசோ உள்ளங்கையை விரித்தார்.

பின்னால் பன்னிரண்டு வீட்டாரும் ஒரு தட்டு தட்டினார்கள், காற்றைப் பிடித்தார்கள், உள்ளங்கையை விரித்தார்கள்.

ஊரே கேலி செய்கிறது என்று அவருக்குக் காது சிவந்தது. தேநீர்க் கூடத்தில் முராசே முன் மண்டியிட்டு, முறை தெரியாமல் வழிபாட்டைக் கெடுத்துவிட்டதாகவும், இனி முதல் கும்பிடு முராசே வீட்டுக்கே என்றும் சொன்னார்.

முராசே திருதிருவென்று விழித்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு எழுந்தார். "கேட்டுக்குங்க. கெடுத்துட்டாராம். அவரே சொல்றாரு."

பேச்சு கூடம் முழுக்கப் பரவியது. குமே கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அவரு ஒண்ணும் கெடுக்கலை. அவங்கப்பாவும் முதல் வருஷம் அதே இடத்துல நின்னு கொசுதான் பிடிச்சாரு. அன்னையிலேருந்து நாம அப்படித்தானே கும்பிடறோம்."