பின் சீட்டு இல்லாத ஜெட்

ஒரு காட்டில் போர் முடிந்து, வெற்றி விழாவும் முடிந்து, சான்றிதழ் வாங்கும் வேலை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

அந்த வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றது வேதாசலம் என்ற கிழட்டு ஆந்தை. ஆபீஸ் பகலில்தான் திறக்கும் என்பதால் மூன்று நாளாக அதற்குத் தூக்கம் இல்லை. போரில் பறந்த ஜெட்டின் பின் சீட்டில் உட்கார்ந்து, இருட்டில் வழி சொன்னது அதுதான். இறக்கை இருக்கிற பறவைக்கு ஜெட் எதற்கு என்று கேட்காதீர்கள், அது ராணுவ ரகசியம். மழைக்காலம் நெருங்குகிறது, இருந்த பொந்தும் இடிந்துவிட்டது. முன்னாள் வீரர் என்று ஒரு சான்றிதழ் கிடைத்தால், இலுப்பை மரத்தில் ஒழுகாத பொந்து ஒன்று தருவார்கள். வேதாசலத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கவுண்டரில் இருந்த உடும்பு மனுவைப் புரட்டியது.

"பின் சீட்டா? அந்த ஜெட்டுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சுவரோரக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டியது.

பெட்டிக்குள் தேக்கில் செய்த மாடல் ஜெட். முழ நீளம். மரங்கொத்தி ஞானமுத்து எட்டு மாதம் அலகாலேயே கொத்திச் செய்தது. இறக்கையில் ஒரு ஆணி குறையவில்லை, வாலில் அடித்த பச்சைகூட அச்சு அசல். சீட்டு மட்டும் ஒன்றுதான்.

"மேடம், இது பொம்மை. நிஜ ஜெட் வாசல்லயே நிக்குது. எட்டிப் பாத்தீங்கன்னா ரெண்டு சீட்டு தெரியும்."

"வாசலுக்கெல்லாம் நான் போக முடியாது. இந்த ஆபீசுக்கு இதுதான் ரெக்கார்டு."

ஆந்தை சாட்சி தேடிக் கிளம்பியது. முன் சீட்டில் ஜெட்டை ஓட்டிய பருந்து, இப்போது மேடைக்கு மேடை மாலை வாங்கிக்கொண்டிருந்தது.

"நான் திரும்பிப் பாக்குற வழக்கமே கிடையாதுப்பா" என்றது பருந்து. "பின்னாலேர்ந்து 'இடப்பக்கம் திரும்பு, மலை வருது'ன்னு ஒரு குரல் வரும். மனசாட்சின்னுல்ல நெனச்சேன்!"

முப்பத்தோரு தடவை அந்த மலையில் மோதாமல் இந்த மகானைக் காப்பாற்றிய குரல் அது.

கடைசியில் மரங்கொத்தியிடம் போனது. மரங்கொத்தி மழுப்பும் என்று நினைப்பீர்கள். மழுப்பவில்லை.

"ஐயோ, தப்பு என்னுதுதாங்க. ஒரே ஒரு போட்டோதான் குடுத்தாங்க. அதுல பருந்தையா ரெக்கையை விரிச்சுப் போஸ் குடுத்திருந்தாரு, பின்னால ஒண்ணும் தெரியல. ஒரு நாள் குடுத்தா சீட்டைக் கொத்திடறேன்" என்று ஆபீசுக்கே வந்து எழுதிக் கொடுத்தது.

உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? பாருங்கள்.

"சிங்கராஜா தன் கையால திறந்து வெச்ச மாடல் இது" என்று உடும்பு பதறியது. "இதுல தப்புன்னா, ராஜாவுக்குக் கண்ணு தெரியலைன்னு அர்த்தமா? ஆனா ரெண்டு ஜெட்டும் வேற வேறயா இருக்கறதும் சரியில்லைதான். சரி பண்ணிடலாம்."

மறுநாளே சரி செய்தார்கள். வாசலில் நின்ற நிஜ ஜெட்டின் பின் சீட்டைத் தகரம் அடித்து மூடி, மேலே பெயிண்ட் பூசினார்கள். அடித்தது ஞானமுத்துதான். அரசாங்க உத்தரவு, பாவம் என்ன செய்யும்?

அன்று முழுக்க ஆந்தை வாசலில் நின்று கத்தித் தீர்த்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து நடுங்கியதைப் பார்த்து உடும்புக்கே மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு பண்ணலாம். மாடலைப் பாக்க வர்றவங்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேணும். உத்தரத்துல தங்கிக்கலாம், ஒழுகாது. இந்த ஜெட்டைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

இப்போது வேதாசலம் கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் நின்று தினமும் மனப்பாடமாகச் சொல்கிறது: "இது ஒற்றை சீட்டு ஜெட். இருட்டில் வழி கண்டுபிடித்தது பருந்தையாவின் கூர்மையான பார்வை."

போன வாரம் சுற்றுலா வந்த மான் ஒன்று கேட்டதாம்: "பருந்துக்கு இருட்டுல கண்ணு தெரியுமா சார்?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆந்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"நல்லாத் தெரியும்" என்றது.

நீதி: முதலில் பொம்மையில் துண்டைப் போட்டு ஒரு சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறமாகப் போருக்குப் போய்க்கொள்ளலாம்.