பவளத்துக்குப் போட்ட கரார்

நெய்யாற்றின்கரை ரிஜிஸ்தர் ஆபீஸ் முன்னால் நான் ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், எழுதுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக. நான் எழுதிய பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் வக்கீல் இந்தத் தாலூக்காவில் இன்னும் பிறக்கவில்லை.

வீட்டு முன்னறையில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்தொட்டி வைத்திருக்கிறேன். அதில் பவளங்கள். ஊதாவும் பச்சையுமாக இருந்தவை. தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று வடிகட்டிமேல் வடிகட்டி மாட்டினேன். தினமும் சோதித்து நோட்டில் எழுதினேன்: நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். எனக்கு ஒரே பெருமை. பவளத்துக்குத்தான் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாக வெளிறி சாக்பீஸ் நிறத்துக்கு வந்துவிட்டது.

என் மனைவி பிரசீதா அந்த அறையில் தையல்கடை போட ஆறு மாதமாகக் கேட்கிறாள்.

"பட்டினி போட்டா நிறம் எங்கேந்து வரும்? வெள்ளத்துல இத்திரி சத்து வேணும். உணக்கக் கூனி ஊறவச்சு ஊத்தட்டா?"

"இது பவளத் தொட்டியாக்கும். காஞ்ச கூனி இறால் போட மீன்கறிச் சட்டி இல்ல. ஃபாரின் தீனி ஒண்ணு வருது, குப்பியில."

"அதுல நிறம் வந்தா?"

"தொட்டி இங்கதான். தையல்கடைப் பேச்சே எடுக்கப்பிடாது."

"எனக்க கூனியில வந்தா?"

"முன்னறை உனக்கு."

"எழுதித் தாங்க."

எழுதச் சொன்னால் என் கை நிற்காது. உடனே ஒரு கரார்ப் பத்திரம் எழுதினேன்: 'யாருடைய தீனியால் பவளத்துக்கு நிறம் திரும்புகிறதோ, அவருக்கே முன்னறையின் முழு அனுபோகம். பின்னால் ஆட்சேபணை செல்லாது.' சாட்சி, பக்கத்து வீட்டு ராபின்சன். அவளைத் தொட்டிப் பக்கம் விடாவிட்டால் ஜெயம் எனக்கு. அவளும் அந்தப் பக்கமே வரவில்லை.

குப்பி வந்த மறுநாளிலிருந்து காலையில் நானே ஒரு மூடி ஊற்றினேன்.

"சேட்டா, என்னமோ நாறுதே?" என்றார் ராபின்சன்.

"ஃபாரின் சாமானாக்கும். அப்படித்தான் மணக்கும்."

நோட்டில் நைட்ரேட் மெல்ல ஏறி ஐந்தில் நின்றது. ஆறாவது வாரம் ஊதா திரும்பியது, பின்னாலேயே பச்சையும். குப்பி மட்டும் தீரவே இல்லை. ஃபாரின்காரன் தாராளமானவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ராபின்சனைக் கூப்பிட்டுக் காபி கொடுத்து ஜெயத்தை அறிவித்தேன். பிரசீதா அடுக்களையிலிருந்து ஒரு ஊறுகாய்க் குப்பியோடு வந்தாள். உள்ளே மஞ்சளாக ஏதோ கழுத்துவரை நின்றது.

"இதாக்கும் ஒங்களுக்க ஃபாரின் தீனி. பார்சல் வந்த அன்னைக்கே மாத்தி வச்சேன். ஒரு துள்ளி குறையல. நீங்க ஊத்தினது எனக்க கூனி வெள்ளம். ஒங்களுக்க குப்பியில மூணு நாளைக்கு ஒருக்க புதுசா நிறச்சேன்."

"ஊத்தினது நானாக்கும்!"

"ஊத்தினது யாருண்ணா எழுதினிய? தீனி யாருக்கதுண்ணுல்லா எழுதினிய?"

ராபின்சன் கராரை உரக்க வாசித்தார். நானும் வாங்கி வாசித்தேன். மூன்று தடவை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல எழுத்து. ஒரு ஓட்டைகூட இல்லை.