பசை மாமியின் கொலு

மாதுங்காவில் அன்றைக்கு இருந்த தாய்மார் அத்தனை பேருக்கும் பொது எதிரி ஒருத்தி உண்டென்றால், அது எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடிப் பசை மாமிதான். யுத்த காலம். ரேஷன் கடையில் கால் கடுக்க நின்று வாங்கும் மாவில் ஒரு பிடியை எடுத்துக் கொலு பொம்மைக்குப் பசை காய்ச்சிவிடுவாள். மாமா ஆபீஸ் விட்டு வந்து சப்பாத்தி கேட்டால், "அதோ, கொலுக் கிளி மூக்குல ஒட்டியிருக்கு, பாருங்கோ" என்பாள். பாவம் அந்த மனுஷர்!

மற்ற வீட்டுக் கொலுவில் எல்லாம் கடை பொம்மை. மாமி வீட்டில் மட்டும், கட்டிடத்துக் குழந்தைகள் பழைய பேப்பரையும் பசையையும் பிசைந்து செய்தவைதான் படியேறும். எப்படிச் செய்வது என்று கேட்டால், "நேக்கென்னடி தெரியும்? நோக்குக் கை இல்லையா?" என்று விரட்டுவாள். ஐந்து கால் யானையும் கழுத்தில்லாத ராமரும் அங்கே ஜம்மென்று இருப்பார்கள்; மானம் போவதெல்லாம் செய்த பிள்ளைகளின் அம்மாக்களுக்குத்தான்.

எட்டு வயதில் நான் ஒரு நாய் செய்தேன். மூஞ்சியைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். அது ஈரத்தில் தொங்கி அப்படியே காய்ந்துவிட்டது. வால் விழுந்தே போயிற்று. ஆனாலும் அதுதான் எனக்கு உசிர். அது படியேறுமா என்ற கவலையில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நவராத்திரி முதல் நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் அதை மாமி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அம்மா கண்டுபிடித்து, கடையில் வாங்கிய கிருஷ்ணனோடு மாடியேறினாள்.

"அது என்ன மாமி, கத்திரிக்காயா? மானம் போறது. எடுத்துட்டு இதை வைங்கோ."

"ஒங்க கிருஷ்ணன் ஏக்தம் அழகு. ஒங்காத்துல வைங்கோ. என் நாய் மேல யாராவது கை வெச்சா, அவாளுக்குச் சுண்டல் கிடையாது!"

சொன்னதோடு நில்லாமல், வீம்புக்கு அதைத் தூக்கி மேல் படியில் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

வந்தது வினை. அன்று சாயங்காலம் அடுத்த தெரு மாமி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். மேல் படி, தொங்கும் மூக்கு. "அடடா, என்ன களையான பிள்ளையார்!" என்று நெற்றியில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாள். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள்.

"மாமி, அது நா..." என்று நான் ஆரம்பித்ததும், பசை மாமி ஒரு பிடி சுண்டலை என் வாயில் அடைத்தாள்.

"யார் பண்ணினா?" என்று கேட்டார்கள்.

"என் பொண்ணுதான்!" என்றாள் அம்மா, வெட்கமே இல்லாமல்.

விஜயதசமி சாயங்காலம் வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். மாமி என் நாயை எடுத்து மெல்லச் சாய்த்து வைத்தாள். "ஒம்போது நாளா பிள்ளையாரா நின்னாச்சு, கண்ணா. இனிமே நாயா நிம்மதியா தூங்கு."

நான் சொல்லாமலே அதை நாய் என்று தெரிந்துகொண்டவள், அந்தக் கட்டிடத்திலேயே அவள் ஒருத்திதான்.