கஸ்டர்டு பவுடரும் சீனத்துப் பன்றிக்கறியும்

புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெண்ணுக்கு எதன்மேல் பொறாமை வரும் என்று சொல்லவே முடியாது. எனக்கு ஒரு கறிமேல் வந்தது.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். கல்யாணமான புதிதிலேயே போய்விட்டார். சாயங்காலமானால் வீடியோ காலில் வருவார். "என்ன சாப்ட்டீங்க?" என்பேன். (முகத்தைப் பார்த்ததும் வேறு எதுவுமே கேட்க வராது.) உடனே அவர் தங்கியிருந்த கட்டடத்துக்குக் கீழே இருந்த சீனக் கடையின் பன்றிக்கறியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"மேல மொறுமொறுன்னு அப்பளமா நொறுங்கும். உள்ள பஞ்சு. அதுக்கு மேல இனிப்பும் புளிப்புமா செவத்த சாறு ஒண்ணு ஊத்துறாங்க பாரு, அடடா!"

நான் வேடசந்தூரில் உட்கார்ந்து கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்பேன். என் குழம்புக்கு மனுஷன் ஒருநாளும் 'அடடா' போட்டதில்லை.

முதல் விடுப்பில் வந்தவர், கிளம்பும் நாள் நெருங்கியபோது, "பேசாம இங்கேயே மில்லு வேலைக்குப் போயிரலாமான்னு இருக்கு" என்று முனகினார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கறி வீட்டிலேயே கிடைத்துவிட்டால் இவர் எதற்கு விமானம் ஏறப் போகிறார்? (சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் இதை முழுசாக நம்பினேன்.)

மாமியார் ஆடு, கோழி, கருவாடு எல்லாம் சாப்பிடுவார். பன்றி என்ற சொல்லைக்கூட வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும். அதனால் அவர் வத்தலக்குண்டுக்கு வளைகாப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, 'வெண்பன்றி இறைச்சி' என்று போர்டு மாட்டிய கடைக்கு முக்காடு போட்டுக்கொண்டு போய்க் கறி வாங்கினேன். வீட்டுக்காரர் சிநேகிதரைப் பார்க்கப் போயிருந்தார்.

மளிகைக் கடையில் கார்ன்பிளவர் மாவு இல்லை. "கஸ்டர்டு பவுடர் கொண்டு போங்கக்கா. ரெண்டும் ஒரே மாவுதான். இதுல கலரு போட்ருக்கான், அம்புட்டுத்தான்" என்றார் கடைக்காரர். வெனிலா வாசமும் போட்டிருக்கிறான் என்பதை அவர் சொல்லவில்லை.

அடுப்பைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிவந்தேன். போனில் ஒரு பெண் நோகாமல் சமைத்துக் காட்டினாள். அவள் கறியை ஈரம் போகத் துடைத்திருந்தாள். நான் கழுவிய கையோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட மாவில் புரட்டி எண்ணெயில் போட்டேன்.

தீபாவளி மாதிரி வெடித்தது. உள்ளே ஓடி அவருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் குக்கர் மூடியைக் கேடயமாகப் பிடித்தபடி பொரித்து முடித்தேன். மொறுமொறுப்புக்கு இன்னொரு தடவை பொரிக்க வேண்டும் என்றாள் போன்காரி. பொரித்தேன். கூழாங்கல்லானது. தக்காளி சாஸ், வினிகர், சர்க்கரை எல்லாம் கலந்து, கெட்டியாக வேண்டுமே என்று மிச்சமிருந்த கஸ்டர்டு பவுடரையும் கொட்டினேன். சாறு ஊற்றுவதற்குள் ஜெல்லியாக உறைந்து ஆட ஆரம்பித்தது. அதை அப்படியே கறிமேல் கவிழ்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமியார் திரும்பி வந்துவிட்டார்.

"ஏத்தா, வளைகாப்பு வீட்டுலகூட இம்புட்டு வாசம் இல்ல. கேக்கா செய்யிற?"

நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பதில் சொல்வதற்குள் ஒரு துண்டு அவர் வாய்க்குள் போய்விட்டது.

"இனிப்பு சரியாத்தான் இருக்கு. உள்ள என்ன ரப்பரு மாதிரி இழுக்குது?"

"கறி அத்தே."

"கேக்குக்குள்ள கறியா? என்ன கறி?"

நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது. தொட்டியடிக்கு ஓடியவர், வாய் கொப்பளிப்பதும் கத்துவதுமாக இருந்தார். "அய்யோ, என் வயித்துக்குள்ள பன்னிய விட்டுட்டாளே!"

அந்தச் சத்தத்தில்தான் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஹெல்மெட்டோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். விஷயம் தெரிந்ததும், சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். செத்த நேரம் மென்றார்.

"ஏங்க, அங்க மாதிரி இருக்கா?"

சிரிப்பு நின்றது.

"எனக்குத் தெரியாது புள்ள."

"தெரியாதுன்னா?"

"நான் அதத் தின்னதே இல்ல. வேல முடிஞ்சு அந்தக் கட வழியாத்தான் வருவேன். வாசம் வரும், செத்த நேரம் நிப்பேன், போயிருவேன். வாங்க மனசு வராது. தெனமும் நீ என்ன சாப்ட்டீங்கன்னு கேப்ப. ரூம்ல வடிச்ச ரசஞ்சோறுன்னு தெனமும் சொன்னா நீ அழுவேல்ல?"

தொட்டியடியில் கொப்பளிக்கும் சத்தம் நின்றுபோனது. நான் அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க முடியாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அவர்தான் கழற்றிவிட்டார். பிறகு அந்தக் கூழாங்கற்களை ஒன்றுவிடாமல் தின்றார். வேண்டாம் என்று பிடுங்கியும் விடவில்லை.

அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார். மில்லைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றைக்கும் போன் வந்தால் மாமியார்தான் முதலில் எடுக்கிறார். "சாப்ட்டியாப்பா?" என்கிறார். மகன் "சாப்ட்டுக்கிட்டிருக்கேம்மா" என்றதும் அடுத்த கேள்வி: "வாயாலயா, மூக்காலயா?" வீட்டில் யார் இருந்தாலும் சிரிப்பார்கள். அவர் தட்டைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் போன் என் கைக்கு வரும். நான் அதிகம் பேசுவதில்லை. கடைசிப் பிடியை அவர் வழித்து வாயில் போடும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன்.